எந்தப் பங்களா?

2024 பிப்ரவரி 3, சனிக்கிழமை. ஈப்போ புந்தோங்கில் ஒரு நண்பர் வீட்டில் எங்கள் சிறுகதைக் கலந்துரையாடல். வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். அன்று என் கதை. தாத்தாவைப் பற்றியது. 1970இல் வேலை பெர்மிட் இல்லாத ஒரு பால்மரம் வெட்டுபவர், சோதனைக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்று தெரிந்து ரப்பர் காட்டுக்குள் மூன்று இரவுகள் ஒளிந்திருக்கிறார். பாட்டி சோற்றுப் பொட்டலத்தை ஆலிவாளிக்குள் மறைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். வாசித்து முடித்ததும் ஒரு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நம்ம கதைடா இது" என்றார் ஒருவர். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

தேநீர் வந்தது. ஆளாளுக்குக் கைப்பேசியை எடுத்தோம். வியாழக்கிழமை இரவு பீடோர் தற்காலிகக் குடிநுழைவுத் தடுப்பு முகாமிலிருந்து 131 பேர் தப்பி ஓடியிருந்தார்கள். பெரும்பாலோர் ரோஹிங்யாக்கள். ஒருவர் நெடுஞ்சாலையில் வாகனம் மோதி இறந்துபோனார். மற்றவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் புலனக் குழுவிலும் ஒரே குரல்பதிவு சுற்றிக்கொண்டிருந்தது. செம்பனைக் காட்டுக்குள் ஒளிந்திருக்கிறார்கள், பெண்டு பிள்ளைகளை வெளியே விடாதீர்கள், பின்கதவைப் பூட்டி வையுங்கள். "பாவம் பார்க்கக் கூடாதுலா. புடிச்சு கப்பல்ல ஏத்தணும்" என்றார், பத்து நிமிடத்துக்கு முன்னால் 'நம்ம கதை' என்று சொன்னவர். யாரும் மறுக்கவில்லை. நானும்தான். தாப்பாவில் அத்தை குடும்பம் இருக்கிறது. அந்தக் குரல்பதிவைக் குடும்பக் குழுவில் பகிர்ந்துவிட்டு, 'ஜாக்கிரதை' என்று எழுதினேன்.

இரவு வீட்டுக்கு மோட்டாரில் திரும்பும்போதுதான் உறைத்தது. என் கதையில் காட்டுக்குள் ஒளிந்தவன் நாயகன். பீடோரில் ஒளிந்தவன் ஆபத்து. அந்த மேசையில் இருந்த பன்னிரண்டு பேரும் கதை படிப்பவர்கள். ஒருவருக்கும் இது தோன்றவில்லை. கதை எழுதிய எனக்கே தோன்றவில்லை.

இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. பிறரைக் குற்றம் சாட்டுவதற்கு முன்னால் என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

*

மறுநாள் அந்தக் கதையைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். பாட்டிக்கு எண்பத்தெட்டு வயது. காது மட்டும் கொஞ்சம் மந்தம். பாதியிலேயே நிறுத்தச் சொன்னார்.

"காட்டுக்குள்ள எங்கடா ஒளிஞ்சாரு? ஆபீசு வாசல்ல உக்காந்திருந்தாரு."

நடந்தது இதுதான். தாத்தா நாமக்கல் பக்கத்திலிருந்து சிறுவனாக வந்தவர். சிவப்பு அடையாளக் கார்டு. அதாவது நிரந்தரவாசி, குடிமகன் அல்ல. 1969 மே கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுத்தாக வேண்டும் என்ற சட்டத்தை அரசாங்கம் இறுக்கியது. தாத்தா கிராணியின் பின்னால் நடையாய் நடந்தார். பேருந்து பிடித்துப் பட்டணத்துக்குப் போய் வரிசையில் நின்றார். போன நாளுக்கெல்லாம் சம்பளம் இல்லை. 'நாளைக்கு வா' என்பார்கள். மறுநாளும் போவார். பக்கத்து லயத்தில் மூன்று குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களை விற்றுவிட்டு ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தச் சில ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களை விட்டுத் தமிழ்நாடு திரும்பியவர்கள் ஏறத்தாழ 60 ஆயிரம் பேர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். தாத்தாவுக்குக் கடைசியில் பெர்மிட் கிடைத்தது. அவ்வளவுதான் கதை. துரத்தல் இல்லை, ஆலிவாளி இல்லை. ஒரு மனிதன் மரப்பலகையில் உட்கார்ந்து காத்திருக்கிறான்.

நான் ஏன் அவரைக் காட்டுக்குள் ஓட விட்டேன்? காத்திருப்பதை எழுத எனக்குத் தெரியவில்லை. வீரம் இருந்தால்தான் துயரம் எடுபடும் என்று நம்பியிருக்கிறேன். ஆவணம் இல்லாத வாழ்க்கையில் சாகசத்துக்கு இடமில்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவன் நிமிர்ந்து பார்ப்பானா என்று காத்திருப்பதுதான் அதில் பெரும்பகுதி.

அடையாளக் கார்டு என்கிற பொருள் இந்த நாட்டுக்கு வந்த கதையே பேராக்கில்தான் தொடங்குகிறது. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அவசரகாலம். அவசரகாலச் சட்டத்தின் கீழ்தான், அந்த ஆண்டே, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட கார்டு கொடுக்கும் வேலை தொடங்கியது. நீ யார் என்று உனக்குச் சொல்வதற்காக வந்ததல்ல அது. உன்னைக் கம்யூனிஸ்டிடமிருந்து பிரித்தறிய அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டது. சந்தேகத்தில் பிறந்த கார்டு. இன்றும் சாலைத் தடுப்பில் 'ஐசி!' என்று கேட்கும் குரலில் அந்தச் சந்தேகம் மிச்சமிருக்கிறது.

பாட்டி பேராக்கிலேயே பிறந்தவர். ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லை. லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்த பிள்ளையை யாரும் போய்ப் பதியவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு ஓராண்டு காலம் மலாய் மொழித் தேர்வு இல்லாமலே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று சலுகை இருந்தது. துன் சம்பந்தன் போன்றவர்கள் தோட்டம் தோட்டமாகப் போய் எடுத்துச் சொன்னார்கள். பாட்டியின் தோட்டத்துக்கும் யாரோ வந்தார்களாம். "அன்னைக்கு வெட்டு நாளு. மரத்த விட்டுட்டு எப்படிப் போறது?" என்கிறார். பாட்டியும் சிவப்புக் கார்டுதான், இன்றுவரை.

என் அப்பா 1964இல் பிறந்தார். 1962 அக்டோபருக்குப் பிறகு இங்கே பிறந்தாலே குடிமகன் என்ற விதி கிடையாது. பிறக்கும் நேரத்தில் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். அந்த 'நிரந்தரவாசி' என்ற ஒரு சொல்தான் அப்பாவைக் குடிமகன் ஆக்கியது, அவர் வழியாக என்னையும். 2024 அக்டோபர் 17ஆம் தேதி நாடாளுமன்ற மக்களவை நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தத்தில் அந்தச் சொல் நீக்கப்பட்டது. மலேசியத் தாய்மார்கள் வெளிநாட்டில் பெறும் பிள்ளைகளுக்குக் குடியுரிமை என்ற நல்ல செய்தியை எல்லோரும் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். அதே திருத்தத்தில் சிவப்புக் கார்டுக்காரருக்குப் பிறக்கும் பிள்ளையின் தானாக வரும் உரிமை போனதை எத்தனை பேர் கவனித்தோம்? பழையவர்களை அது தொடாது. ஆனால் இனிமேல் என் அப்பாவைப் போல ஒருவர் பிறந்தால் அவருக்கு நாடு இல்லாமல் போகலாம்.

*

இப்போது நம் புனைவுக்கு வருகிறேன்.

மலேசியத் தமிழ் இலக்கியத்தின் பெரிய நிலம் தோட்டம்தான். அகிலன் இங்கே வந்து பார்த்து எழுதிய 'பால்மரக் காட்டினிலே' ஒரு பக்கம். இங்கேயே வாழ்ந்து எழுதிய சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்', அ. ரெங்கசாமியின் நாவல்கள், சை. பீர்முகம்மதுவின் 'பெண் குதிரை', நம் தலைமுறைக்கு நெருக்கமான ம. நவீனின் 'பேய்ச்சி' என்று நீளும் வரிசை இன்னொரு பக்கம். சயாம் மரண ரயில், அவசரகாலம், சாராயச் சாவு எல்லாம் அதில் உண்டு. இந்த எழுத்து இல்லையென்றால் எங்கள் தாத்தா பாட்டிகளின் வாழ்க்கைக்குச் சாட்சியே இருந்திருக்காது. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

என் குறை அவற்றின் மேல் அல்ல. அவற்றைப் படித்து வளர்ந்து, என் வயதில் தோட்டக் கதை எழுதுகிறவர்கள் மேல். நாங்கள் எழுதும் கதைகளில் தோட்டம் ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. நிலம் விற்கப்படுகிறது, ரப்பர் சாய்கிறது, லோரியில் சாமான் ஏறுகிறது, மாரியம்மன் கோயிலைத் திரும்பிப் பார்க்கிறார்கள். கதை முடிந்தது. லயம் அதோடு காலியாகிவிட்டது போல.

லயம் காலியாகவில்லை. போன ஆண்டு அப்பாவோடு அவர் பிறந்த தோட்டத்துக்குப் போனேன். சுங்கை சிப்புட்டைத் தாண்டி உள்ளே. ரப்பர் போய்ச் செம்பனை வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. ஆயாக் கொட்டகை இருந்த இடத்தில் உர மூட்டைகள். ஆனால் லயத்து வீடுகளில் பாதி அப்படியே நிற்கின்றன. அப்பா பிறந்த வீட்டுக் கொடியில் லுங்கிகள் காய்ந்தன. வாசலில் உட்கார்ந்து ஒருவர் பழக்குலை வெட்டும் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். எங்கள் காரைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்பா கொஞ்ச நேரம் வெளியே நின்றார். "நாங்களும் இப்படித்தான்டா. காடி சத்தம் கேட்டா உள்ள போயிருவோம்" என்றார்.

தோட்டக் கதை தொடர்ந்துகொண்டுதான் இருக்கிறது. பாத்திரங்கள்தான் மாறிவிட்டார்கள். புதிய பாத்திரங்கள் வங்காளமோ ஜாவானியமோ நேபாளமோ பேசுவதால் அது நம் கதை இல்லை என்று முடிவு செய்துவிட்டோம்.

நான் எழுதிய ஆறு கதைகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். மூன்றில் 'பங்களா' வருகிறான். தமிழ்நாட்டு நண்பர்களுக்குச் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் பங்களாதேசிகளுக்கு அதுதான் பெயர். ஒரு காலத்தில் தோட்டத்தில் பங்களா என்றால் துரை இருக்கும் மேட்டு வீடு. இன்றைக்கு அதே சொல் லயத்தில் இருப்பவனுக்கு. என் கதைகளில் ஒரு பங்களா பெட்ரோல் ஊற்றுகிறான், ஒருவன் கோப்பை கழுவுகிறான், ஒருவன் ஒரு தமிழ்ப் பெண்ணை முறைத்துப் பார்க்கிறான். மூவருக்கும் பெயர் இல்லை. நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரத் துரை தன் நினைவுக் குறிப்பில் எங்கள் ஆட்களை எப்படி எழுதியிருப்பானோ, கிட்டத்தட்ட அப்படி.

*

இன்னொரு குறை. நம் கதைகளில் அதிகாரம் என்றால் துரை, கங்காணி, கிராணி, கடைசியில் ஒரு அமைச்சர். ஊராட்சி மன்றத்து ஆள் வந்து நான் படித்ததில்லை. ஆனால் இன்று ஆவணமற்ற ஒருவன் அடிக்கடி சந்திக்கும் அரசாங்கம் அதுதான்.

சித்தப்பா பேராக்கில் ஒரு சிறு பட்டணத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். எந்தப் பட்டணம், எந்த மன்றம் என்பது இங்கே வேண்டாம். பல்கலைக்கழக விடுமுறையில் நான் அங்கே கல்லாவில் உட்காருவேன். ஒரு மாலை மன்றத்து அமலாக்க அதிகாரிகளும் குடிநுழைவுத் துறையினரும் சேர்ந்து வந்தார்கள். ரொட்டி சானாய் போடும் பையன் மாவுக் கையோடு பின்பக்கக் கால்வாய் வழியாக ஓடினான். அவனைப் பிடிக்கவில்லை. கோப்பை கழுவுபவரைப் பிடித்தார்கள். ஐந்தடியில் போட்டிருந்த மேசை நாற்காலிகளை மன்றத்து லோரியில் ஏற்றினார்கள். அதிகாரிகளில் ஒருவர் தமிழர், சித்தப்பாவுக்குத் தெரிந்தவர்.

"என்னய்யா இது?"

"அண்ணே, மேலேர்ந்து உத்தரவு. லைசென்ஸ்ல ஒன்னும் கை வைக்க மாட்டாங்க. சம்மன் மட்டும் கட்டிருங்க."

இரண்டு வாரம் கழித்து அந்தப் பையன் திரும்பி வந்து ரொட்டி போட்டான். அந்த அதிகாரியும் வந்து, அவன் போட்ட ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டுப் போனார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதுவும் நடக்கவில்லை.

அப்போது சிரித்தேன். இப்போது அந்தக் காட்சிதான் எனக்கு எல்லாவற்றையும் விளக்குகிறது. அந்தப் பையன் போய்விட வேண்டும் என்று அங்கே யாரும் விரும்பவில்லை. சித்தப்பாவுக்கு ஆள் வேண்டும். பட்டணத்துக்கு ரொட்டி வேண்டும். மன்றத்துக்குக் கடை வரியும் லைசென்ஸ் கட்டணமும் வேண்டும். அவன் இருக்கட்டும், ஆனால் பயந்துகொண்டே இருக்கட்டும். பயம்தான் அவன் சம்பளத்தை நிர்ணயிக்கிறது. பெர்மிட் இல்லாதவன் இரண்டு மாதச் சம்பளப் பாக்கியை எங்கே போய்க் கேட்பான்? சித்தப்பா கெட்டவர் அல்ல. தீபாவளிக்கு அவனுக்கும் சட்டை எடுத்துக் கொடுப்பார். பாக்கியும் வைத்திருப்பார்.

குடிநுழைவும் குடியுரிமையும் மத்திய அரசின் அதிகாரம், ஊராட்சி மாநிலப் பட்டியலில் வருவது. அதனால் எந்த மன்றத்தைக் கேட்டாலும் 'அது எங்கள் இலாகா இல்லை' என்பதுதான் பதில். ஆனால் கடைக்கு லைசென்ஸ் கொடுப்பது யார்? சந்தைக்குள் யார் நிற்கலாம் என்று சொல்வது யார்? பினாங்கில் 2016இலிருந்து ஒட்டுக்கடைகளில் உள்ளூர் உணவை வெளிநாட்டவர் சமைக்கக் கூடாது என்று ஒரு தடை வந்தது. பாரம்பரியச் சுவையைக் காப்பாற்றவாம். சீனத்திலிருந்தும் தமிழகத்துக் கடற்கரைகளிலிருந்தும் கப்பலில் வந்தவர்களின் அடுப்பில் பிறந்த சுவை அது. கோலாலம்பூரில் 2020ஆம் ஆண்டு, கொரோனா நேரத்தில், மொத்தச் சந்தைகளில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கூடாது என்று மாநகராட்சி முடிவெடுத்தது. ஆக, எங்கள் இலாகா இல்லை என்பது முழு உண்மை இல்லை. விரட்டுவதற்கு இலாகா இருக்கிறது. குப்பை எடுக்கவும் குழாய் போடவும் கேட்டால்தான் இலாகா இல்லாமல் போகிறது.

இது நமக்குப் புதிதும் அல்ல. தோட்டம் தனியார் நிலம். அங்கே மன்றத்துக் குப்பை லோரி வந்ததில்லை, சாலைக்கு மன்றம் கல் போட்டதில்லை. துரைதான் அரசாங்கம். தோட்டத்திலிருந்து வெளியேறி ஆற்றோரத்திலும் ரயில் பாதை ஓரத்திலும் புறம்போக்கு வீடு கட்டியபோதுதான் தமிழர்களில் பலர் ஊராட்சி மன்றம் என்ற ஒன்றை முதலில் பார்த்தார்கள். உடைப்பு நோட்டீசாகப் பார்த்தார்கள். 2007இல் சிலாங்கூரின் பாடாங் ஜாவாவில் மாநகர் மன்றம் கோயிலை இடித்தபோது எழுந்த கோபம் எவ்வளவு பெரியது என்று நமக்குத் தெரியும். 'எங்களுக்கு இங்கே உரிமை இருக்கிறது, பத்திரம்தான் இல்லை' என்பதுதானே அன்று நாம் சொன்னது?

*

டி.ஆர். பூங்காவைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். அந்தப் பூங்காவுக்குப் பெயர் கொடுத்தவர் டி. ஆர். சீனிவாசகம். அவருடைய மக்கள் முற்போக்குக் கட்சி 1950களின் இறுதியிலிருந்து ஈப்போ நகர மன்றத்தைத் தேர்தலில் வென்று நடத்தியது. அன்று ஈப்போவில் நகர மன்ற உறுப்பினருக்கு மக்கள் ஓட்டுப் போட்டார்கள். 1965இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. தேர்தல் திரும்ப வர வேண்டும் என்று பரிந்துரைத்த அரச ஆணையத்துக்குத் தலைமை வகித்தவரும் ஒரு தமிழர்தான், செனட்டர் ஆதி நாகப்பன். அரசாங்கம் ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் கதவை முழுதாக மூடியது. இன்றுவரை மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது.

அதாவது, எந்த மன்றத்தின் முன்னாலும் நானும் அந்த ரொட்டிப் பையனும் ஒரு விதத்தில் ஒன்றுதான். இருவருக்கும் ஓட்டு இல்லை. இருவரும் அங்கே வாழ்கிறோம், இருவர் உழைப்பிலும் அந்த ஊர் ஓடுகிறது, இருவருக்கும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத அமைப்பு, கேள்வி கேட்கவே முடியாதவனிடம் எப்படி நடந்துகொள்ளும் என்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

வேறு விதமாகவும் நடந்துகொள்ள முடியும். ஸ்பெயினில் ஒவ்வொரு ஊராட்சியும் 'பத்ரோன்' என்று ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. அந்த ஊரில் வசிக்கும் யாரும் அதில் பெயர் பதிய வேண்டும், விசா இருந்தாலும் இல்லாவிட்டாலும். நீ சட்டப்படி வந்தாயா என்று அந்தப் பதிவேடு கேட்பதில்லை. நீ இங்கே இருக்கிறாயா என்று மட்டும் கேட்கிறது. அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரம் 2007இலும், நியூயார்க் 2015இலும் குடியேற்ற நிலையைக் கேட்காமல் நகர அடையாள அட்டை கொடுக்க ஆரம்பித்தன. அந்த அட்டை நாடுகடத்தலைத் தடுக்காது. அங்கேயும் மத்திய அரசுதான் பெரியது. ஆனால் சம்பளம் கொடுக்காத முதலாளி மேல் காவல் நிலையத்தில் புகார் செய்யும்போது காட்டுவதற்கு ஒரு முகமும் ஒரு முகவரியும் கிடைக்கிறது.

நம் மன்றங்கள் நாளைக்கே அப்படி அட்டை கொடுக்கும் என்று நான் கனவு காணவில்லை. ஆனால் டெங்கிப் புகை அடிக்க வருகிறவர்கள் லயத்தில் ஐசி கேட்டுவிட்டா அடிக்கிறார்கள்? கொசு யாரையும் கேட்காது என்று அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவைக் குப்பைக்கும் தண்ணீருக்கும் கொண்டுபோனால் போதும். கடை லைசென்ஸ் பார்க்க வருகிறவர்கள் குடிநுழைவுத் துறையைக் கூட்டிக்கொண்டு வராமல் இருந்தால் அதுவே பெரிது.

*

இப்படிப் பேசினால் உடனே ஒரு மறுப்பு வரும். 'நம்ம ஆளுங்களையும் அவனுங்களையும் ஒன்னாக்காதே.'

மறுப்பில் நியாயம் இருக்கிறது. இங்கேயே பிறந்து, பெற்றோர் திருமணத்தைப் பதியாததால் குடியுரிமை கிடைக்காமல் போன ஒரு தமிழ்ப் பிள்ளையும், ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிப் பணம் கொடுத்து வந்து பெர்மிட் காலாவதியான ஒரு பங்களாதேசியும், மியன்மாரிலிருந்து உயிர் தப்பி வந்த ரோஹிங்யாவும் சட்டத்தின் முன் மூன்று வேறு நிலைமைகள். மூன்றையும் குழப்பினால் முதல் பிள்ளைக்குத்தான் நஷ்டம். அந்தப் பிள்ளை குடியேறியே அல்ல. 2011இல் 'மைடஃப்தார்' பதிவு இயக்கம் நடந்தது, 2017இல் இன்னொரு சுற்று. ஆவணமற்ற இந்தியர்கள் எத்தனை பேர் என்பதில் அரசாங்கம் ஒரு கணக்கு சொன்னது, எதிர்க்கட்சி மேடைகளில் மூன்று லட்சம் என்றார்கள். ஓட்டு முடிந்ததும் இரண்டு கணக்கும் அடங்கிப்போயின. அந்தக் கோபம் உண்மை.

இன்னொரு கோபமும் உண்மை. தோட்டத்தில் மாதச் சம்பளம் கேட்டு நம் ஆட்கள் போராடிக்கொண்டிருந்தபோது, குத்தகைக்காரர்கள் குறைந்த கூலிக்கு வெளிநாட்டு ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். 'எங்க வேலைய எடுத்துக்கிட்டானுங்க' என்று அப்பா சொல்வது வெறும் வெறுப்பு இல்லை, அவர் கண்ணால் பார்த்தது. ஆனால் கூலியைக் குறைத்தவன் யார்? கப்பலில் வந்து இறங்கியவனா, இறக்கியவனா? எங்கள் தாத்தாக்களையும் ஒரு காலத்தில் கூலியைக் குறைவாக வைத்திருக்கத்தான் கொண்டுவந்தார்கள்.

சட்டம் மூன்றாகப் பிரிக்கலாம், பிரிக்கவும் வேண்டும். சாலைத் தடுப்பு அப்படிப் பிரிப்பதில்லை. இருட்டில் கறுத்த முகத்தைப் பார்த்து 'ஐசி!' என்று கேட்கும்போது நாங்கள் எல்லோரும் ஒன்றுதான். இலக்கியமும் பிரிக்கத் தேவையில்லை. ஆனால் நாம் இலக்கியத்தில்தான் அதிகமாகப் பிரித்திருக்கிறோம்.

2015இல் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' வந்தபோது துள்ளிக் குதித்தோம். தோட்டத்திலிருந்து தூக்கி எறியப்பட்டவர்களின் அடுத்த தலைமுறை என்ன ஆனது என்பதை, அப்போய் என்ற சிறுவனை வைத்துச் சொன்ன படம். மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமானது. ஆவணமற்றவர்களைப் பற்றி அதற்கு நிகரான ஒரு படம் வந்தது 2023இல், 'அபாங் அடிக்'. ஜின் ஓங் இயக்கியது. கோலாலம்பூர் புடுவில் வாழும், காகிதம் இல்லாத இரண்டு சகோதரர்கள். மூத்தவனுக்குக் காதும் கேட்காது, பேச்சும் வராது. அவித்த முட்டையை ஒருவர் நெற்றியில் ஒருவர் தட்டி உடைத்துச் சாப்பிடுவார்கள். சோதனை வந்தால் எல்லோரோடும் ஓடுவார்கள். அந்த அடுக்குமாடியில் எல்லா மொழிக்காரர்களும் இருக்கிறார்கள், யாரும் வெறும் பின்னணியாக இல்லை.

படத்தில் குறை உண்டு. பாதிக்கு மேல் ஒரு மரணம், ஒரு தூக்குத்தண்டனை என்று மெலோடிராமாவுக்குப் போய்விடுகிறது. நான் தாத்தாவைக் காட்டுக்குள் ஓட விட்டது போலத்தான், காகிதத்துக்காகக் காத்திருக்கும் வாழ்க்கையை அதுவும் கடைசிவரை நம்பவில்லை. ஆனால் அண்ணன் சிறையில் கைகளாலேயே பேசும் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு நான் திரையரங்கில் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அழுகையோடு கொஞ்சம் பொறாமையும் இருந்தது. சிவப்புக் கார்டுப் பாட்டி எங்கள் வீட்டில் இருக்கிறார். பெர்மிட்டுக்காக மரப்பலகையில் உட்கார்ந்த தாத்தா எங்களுடையவர். இந்தப் படத்தை நாம் ஏன் எடுக்கவில்லை? இந்த நாவலை நாம் ஏன் எழுதவில்லை?

நம் துயரத்தை நாம் சொத்தாக்கிக்கொண்டோம் என்று நினைக்கிறேன். வேலி போட்டு, பட்டா வாங்கி வைத்திருக்கிறோம். அந்தத் துயரத்தைக் கொண்டு பக்கத்து வீட்டைப் புரிந்துகொள்ளலாம் என்று தோன்றவில்லை.

*

கதையைத் திருத்த உட்கார்ந்தேன். காட்டை எடுத்துவிட்டேன். அலுவலக வாசல் வந்தது, மரப்பலகை வந்தது. தாத்தா அதில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று பக்கம் எதுவும் நடக்கவில்லை. பாட்டிக்கு வாசித்தேன். இந்த முறை நிறுத்தச் சொல்லவில்லை. "அந்தப் பலகையில ஒரு பக்கம் ஆணி நீட்டிக்கிட்டு இருக்கும். வேட்டிய கிழிச்சுக்கிட்டு வந்தாரு" என்றார். அதையும் சேர்த்தேன்.

கதையின் கடைசியில், ஐம்பது வருடம் கழித்து அதே மாதிரி ஒரு பலகையில் இன்னொருவன் உட்கார்ந்திருக்கிறான். ரொட்டி போடும் பையன். அவனுக்குப் பெயர் வேண்டும். இரண்டு விடுமுறை முழுக்க அவனோடு ஒரே கடையில் வேலை பார்த்திருக்கிறேன். நெற்றியில் ஒரு தழும்பு இருந்தது நினைவிருக்கிறது. தேங்காய்ப் பால் ஊற்றாமல் ஒரு மீன் குழம்பு வைப்பான். பெயர் தெரியவில்லை. நாங்கள் கூப்பிட்டதெல்லாம் 'தம்பி', 'பங்களா', 'டேய்'.

சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். கடையை மூடிவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறார்.

"சித்தப்பா, நம்ம கடையில ரொட்டி போட்டானே பங்களா, அவன் பேரு என்ன?"

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எந்தப் பங்களா?"

கதை இன்னும் என்னிடமே இருக்கிறது. ஏதோ ஒரு பெயரை நானே வைத்துவிடலாம், புனைவுதானே என்கிறார்கள் நண்பர்கள். வைக்கலாம்தான். ஆனால் அடுத்த கலந்துரையாடலுக்கு அதைக் கொண்டுபோவதற்கு முன்னால், சித்தப்பாவிடம் வேலை பார்த்தவர்களில் இன்னும் அந்தப் பட்டணத்திலேயே இருக்கும் ஒருவரைத் தேடிப் போகப் போகிறேன். அவருக்காவது தெரிந்திருக்கும்.